ஆழமாக அடித்த எண்

தபால்காரர் இரண்டாம் முறையாகக் காலை உடைத்துக்கொண்டபோது அதைத் தபால் பையிலேயே போட்டுக் கொண்டுவந்தார். ஒரு கக்கத்தில் ஊன்றுகோல், மறு தோளில் பை. பட்டறை வாசலில் நின்று, "அக்கா, உங்களுக்கு ஒரு பார்சல். கையெழுத்து வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் மோவாயிலிருந்த நான்கு தையல்களும் இழுத்தன. உடனே வாயைச் சின்னதாக்கிக்கொண்டார்.

மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறவளை எல்லோரும் கால்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அளவெடுப்பது, முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் பகுதி நுழைகிற கிண்ணத்தை வார்ப்பது, போட்டுவிட்டு நடை பழக்குவது எல்லாம் அவள் வேலை. கிண்ணத்தையும் ரப்பர் பாதத்தையும் இணைக்கிற அலுமினியக் குழாயை அறுத்துக் கடைந்து பொருத்துவது அவள் கணவர் வேலை. அவரை லேத்துக்காரர் என்றார்கள். தபால்காரர் மட்டும் மாமா என்பார். அக்காவுக்குப் புருஷன் மாமாதானே என்பது அவர் கணக்கு.

கால்காரம்மா பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். குழாய் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே துண்டாகியிருந்தது.

"மறுபடியும் என்ன பண்ணீங்க? சுவரு ஏறிக் குதிச்சீங்களா?"

"மூணாவது மாடியில ஒரு கடுதாசி குடுத்துட்டு இறங்கிட்டிருந்தேன். அவ்வளவுதான். கடைசி நாலு படி நான் இறங்கல, அதுவா இறங்கிடுச்சு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவையும் இதேதான் நடந்துச்சு, அக்கா."

போன தடவை அவள் நம்பவில்லை. அந்தக் காலைப் போட்டுப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. மற்றவர்களுடைய கால்கள் நன்றாகத்தானே இருந்தன. தபால் அலுவலகத்திலிருந்து, கால் உடைந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டுக் காகிதம் வந்தபோது, 'உபயோகித்தவரின் கவனக்குறைவாக இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். எழுதிய மறு நிமிடமே அதை மறந்தும் போனாள்.

"இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா செஞ்சாலும் பரவால்ல" என்றார் தபால்காரர். "அவசரமில்ல. என்னை உக்கார வெச்சுட்டாங்க."

"எங்க?"

"உள்ள. கடுதாசி பிரிக்கிற மேசையில. 'உனக்குக் கவனமில்லேன்னு கால் செஞ்சவங்களே எழுதியிருக்காங்க, இனி தெருவுல விழுந்து வெச்சா யாருய்யா பதில் சொல்றது'ன்னு ஆபீஸ் பெரியவர் கேட்டார். நியாயம்தானே." ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "வீட்லயும் அதேதான் பாட்டு. கீழ பாத்து நட, கீழ பாத்து நடன்னு. நானும் கீழ பாத்துத்தான் நடந்தேன். எட்டு மாசமா வானத்தையே பாக்கல."

லாரி ஏறிக் கால் போன பிறகு, மேசை வேலை தருகிறோம் என்று அலுவலகம் சொன்னதை மறுத்து, ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டித் திரும்பத் தன் தெருக்களை வாங்கிக்கொண்ட மனிதர் அவர். அது அவளுக்குத் தெரியும். நடை பழக்கியவளே அவள்தான்.

அவர் போன பிறகு அவள் துண்டுகளை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். திருகின் மரையைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து உடைந்த முகத்தைப் பார்த்தாள். ஒரே அடியில் ஒடிந்த உலோகம் முகம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரவென்றிருக்கும். இது அப்படி இல்லை. பாதிக்கு மேல் வழவழவென்று, மங்கலாக, மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அலை வந்து வந்து போன மணல் போல இருந்தது. மிச்சப் பகுதி மட்டும்தான் பளிச்சென்று புதிதாகப் பிய்ந்திருந்தது. அப்படியென்றால் குழாய் அன்று உடையவில்லை. பல மாதங்களாக, ஒவ்வோர் அடிக்கும் முடி அளவுக்கும் குறைவாக, உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்று நடந்தது அதன் முடிவு மட்டும்.

வளைகோடுகள் எல்லாம் ஓர் இடத்திலிருந்து விரிந்தன. அது குழாயின் பின்பக்கம், கெண்டைக்கால் இருக்க வேண்டிய பக்கம். அங்கே 47 என்று எண் அடித்திருந்தது. விரிசல் கிளம்பியது ஏழின் அடிக்கால் முனையிலிருந்து.

"ஏங்க, இங்க வாங்க."

லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"உடையணும்னா எங்கயாவது உடைஞ்சுதானே ஆகணும். நம்பர் இருக்கற இடத்துல உடைஞ்சிருக்கு."

"முதல்ல உடைஞ்சது எங்க?"

"பழைய சாமான்ல கிடக்கும்."

கிடந்தது. அறுத்த துண்டுகளும் சுருள் சுருளான சீவலும் நிறைந்த டப்பாவின் அடியில் அவரே கையை விட்டுத் தேடி எடுத்தார். அதன் எண் 14. நாலின் குறுக்குக்கோடு வழியாக உடைந்திருந்தது.

அவர் இரண்டையும் அருகருகே வைத்தார். அந்த எண்களை அடித்தவர் அவர். அப்படி அடிக்கச் சொன்னவள் அவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை எண்ணைக் குழாயின் முன்பக்கம் மை பேனாவால்தான் எழுதினார்கள். வேர்வையிலும் தண்ணீரிலும் அது அழிந்துவிடும். ஒரு முறை பழுது பார்க்க வந்த இரண்டு கால்கள் மாறிப்போயின. ஒரு தையல்காரரின் கால் பள்ளிக்கூட ஆசிரியைக்கும், ஆசிரியையின் கால் தையல்காரருக்கும் போய்விட்டது. கிண்ணம் மாறவில்லை, குழாய்தான் மாறியது. அரை அங்குலம்தான் வித்தியாசம். ஆசிரியை ஒரு மாதம் சாய்ந்து சாய்ந்து நடந்து இடுப்பு வலியோடு வந்து நின்றார். அன்று கால்காரம்மா கணவரை வைத வசவு தெருமுனை வரை கேட்டது. அழியாத மாதிரி எண் அடிக்கும் எஃகு அச்சு ஒரு பெட்டி வாங்கி வரச் சொன்னாள். முன்பக்கம் வேண்டாம், வண்டி நம்பர் மாதிரி கண்ணில் படும், யாராவது கேட்பார்கள், பின்பக்கம் அடியுங்கள் என்றாள். "நல்லா ஆழமா அடிங்க. பத்து வருஷம் ஆனாலும் தெரியணும்."

அவர் இரண்டு கிலோ சுத்தியலால் அடித்தார். ஒவ்வொரு எண்ணும் செதுக்கி வைத்த மாதிரி நின்றது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சரி, வா" என்றார் இப்போது. "ஓட்டிப் பாத்துடலாம். எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா வாயால சண்டை போட்டு என்ன ஆகப்போகுது."

ஒரு புதுக் குழாயை எடுத்து, பழைய மாதிரியே ஏழு அடித்தார். கணுக்கால் முனையை லேத்தின் பிடியில் இறுக்கினார். மறுமுனையில் ஒரு பேரிங் மாட்டி, அதிலிருந்து நாற்பது கிலோ எடையைத் தொங்கவிட்டார். லேத் ஓடும்போது குழாய் சுற்றும், எடை தொங்கியபடியே நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயின் எல்லாப் பக்கமும் ஒரு முறை இழுபட்டு ஒரு முறை நசுங்கும். ஓர் அடி எடுத்துவைக்கும்போது, முன்பாதத்தை ஊன்றி உடம்பு முன்னால் போகிற அந்தக் கணத்தில், குழாயின் பின்பக்கம் இழுபடுவது போல. நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று. பத்து மணி நேரத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் அடி.

"தபால்காரர் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பார்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டாயிரம் அடி இருக்கும். இந்தக் காலுக்கு அதுல பாதி."

"அப்ப இது ஒரு நாள் ஓடினா அவர் ஒரு மாசம் நடந்த மாதிரி."

லேத் அதற்கே போய்விட்டதால் மற்ற வேலை நின்றது. இரண்டு பேருக்குத் தேதி தள்ளிப்போனது. அந்தச் சத்தம் பட்டறைக்குள் ஒரே ரீதியில் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் அவள் பத்து முறை போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒருவேளை உடையாது, நாம்தான் ஏதோ கற்பனை பண்ணிக்கொண்டோம் என்று தோன்றியது. அது உடையக் கூடாது என்றே மனசு விரும்பியதை அவளே கவனித்தாள்.

நான்காம் நாள் பிற்பகல் எடை தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

அவள் போவதற்குள் அவர் லேத்தை நிறுத்திவிட்டிருந்தார். குழாய் ஏழின் காலில் உடைந்திருந்தது. அவர் எண்ணைப் பார்த்தபடி, "ஆறு லட்சத்துச் சொச்சம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எண் அடிக்காத குழாயை மாட்டினார்கள். அதே நாற்பது கிலோ. அது பன்னிரண்டு நாள் ஓடி இருபது லட்சத்தைத் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. கால் கேட்டுக் காத்திருந்தவர்கள் முறைக்க ஆரம்பித்ததால்தான் நிறுத்தினார்கள்.

அன்று மாலை இரண்டு பேரும் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரும்பை ஓர் அளவுக்குள் எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. எவ்வளவு மெல்ல வளைத்தாலும் அது ஒன்றையும் மறப்பதில்லை. அதனால்தான் அளவைக் கூட்டிப் போட்டுத் தடிமனாக வாங்குகிறோம் என்று அவள்தான் படிப்பு முடித்த புதிதில் அவருக்குச் சொன்னவள். கூர்மையான ஒரு கீறல் போதும், வலியெல்லாம் அங்கே போய்ச் சேரும் என்றும் படித்திருந்தாள். படித்தது பரீட்சைத் தாளோடு போய்விட்டது.

"அச்சு அடிச்சது மொத்தம் அறுபத்து மூணு" என்றாள். "இவரோடது ரெண்டு போக அறுபத்தொண்ணு."

"மத்தது எதுவும் உடையலையே."

"மத்தவங்க இவர் அளவுக்கு நடக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். இவர் முதல்ல போய்ச் சேர்ந்துட்டார், மத்தவங்க வந்துட்டே இருக்காங்க."

லேத்துக்காரர் தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "ஒண்ணு பண்ணலாம். எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை பழுது பாக்க வராங்கல்ல. வரும்போது சத்தமில்லாம மாத்திக் குடுத்துடலாம். எதுக்கு ஊரைக் கூட்டி, நாங்க செஞ்ச கால் உடையும்னு சொல்லணும்? அப்புறம் நல்லா நடக்கறவன்கூடப் பயந்து பயந்து நடப்பான்."

"வர்றதுக்கு முன்னாடி யாராவது படியில விழுந்தா?"

"விழுந்தான்னு வெச்சுக்கோ—"

"வெச்சுக்க முடியாதுங்க."

அவர் முகம் சிவந்தது. "சுத்தியலைப் பிடிச்சது நான். எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க. ஆழமா அடிங்க, ஆழமா அடிங்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான். அதைத்தான் எழுதப் போறேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபம் வந்தால் அவர் தெருமுனை வரை போய்த் திரும்புவார். அன்று திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. வந்ததும் குழாய் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் எண்ணினார். "முப்பதுதான் இருக்கு. இன்னொரு நாப்பது சொல்லிடறேன்" என்றார்.

தபால்காரரின் வீட்டுக்கு அவள் மறுநாளே போனாள். இரண்டு அறை வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து, வாங்க என்று சொல்லிவிட்டு, கணவரைப் பார்த்து, "கால் கொண்டு வந்திருக்காங்க, இதையாவது பத்திரமா வெச்சுக்க" என்றாள்.

கால்காரம்மா புதுக் காலை மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். விரிசல் எங்கே தொடங்கியது, எப்படி ஓட்டிப் பார்த்தார்கள், எண்ணை யார் ஆழமாக அடிக்கச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். தபால்காரர் ஏதாவது நக்கலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ கால்மேல் போட்டிருந்த துண்டை மடித்தார், பிரித்தார்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?" என்றார் கடைசியில்.

"இல்ல. நீங்க நடந்தீங்க. அவ்வளவுதான்."

"நான் ஒழுங்கா கால் வெக்கலன்னு நானே நெனச்சுட்டேன் அக்கா. ராத்திரி படுத்துட்டு அந்த நாலு படியையும் எத்தனை தடவை இறங்கிப் பாத்திருக்கேன் தெரியுமா. எங்க தப்பு விட்டேன், எங்க தப்பு விட்டேன்னு." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீங்க ஒரு வரி எழுதிட்டீங்க. கவனக்குறைவுன்னு. நான் அதை நம்பிட்டேன். உங்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிஞ்சுடப் போகுதுன்னு நம்பிட்டேன்."

 தன் தப்பு என்று அவள் சொன்னாள். அந்தச் சொல் அந்த அறைக்குப் போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அவகிட்ட ஒரு தடவை சொல்லுங்க" என்றார் அவர். "எனக்குச் சொன்ன மாதிரியே."

மனைவி அங்கேதான் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் கால்காரம்மா அவள் பக்கம் திரும்பி முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னாள். அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது.

அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. இந்த முறை 'இருக்கலாம்' என்ற சொல் அதில் இல்லை.

பிறகு அறுபத்தொரு பேரையும் கூப்பிடும் வேலை. நாற்பத்தாறு பேர் தொலைபேசியில் கிடைத்தார்கள். சிலர் அன்றே வந்தார்கள். சிலர், நன்றாகத்தானே இருக்கிறது, பழகிப்போன காலை ஏன் மாற்றுவது என்று இழுத்தார்கள். ஒருவர் பட்டறை நடுவில் நின்று, "எங்களை என்ன சோதனை எலின்னு நெனச்சீங்களா" என்று கத்தினார். லேத்துக்காரர் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கத்தி முடித்ததும், "உக்காருங்க, அரை மணி நேரத்துல மாத்திடறேன்" என்றார். அந்த மனிதர் மாற்றிக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை.

கழற்றிய குழாய்களின் எண்மேல் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி பூசிப் பார்த்தாள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கசிந்து சிவப்பு இழையாகத் தெரியும். நான்கில் தெரிந்தது. அவற்றில் ஒன்று, நான்காவது மாடியில் குடியிருந்த ஒரு பெண்ணின் கால். அவள் பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மின்தூக்கி இல்லாத கட்டிடமாம், ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை குழந்தையோடு ஏறி இறங்குவாளாம். அந்தக் குழாயில் சிவப்பு இழை சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு ஓடியிருந்தது. கால்காரம்மா அதை அவளிடம் காட்ட எடுத்தாள். காட்ட வேண்டாம் என்று லேத்துக்காரர் கண்ணால் சொன்னார். அவள் காட்டினாள். அந்தப் பெண் இழையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், குழந்தையைக் கை மாற்றி வைத்துக்கொண்டாள். 

முகவரி மாறிப்போன பதினைந்து பேர் மிச்சம். அந்தப் பட்டியலைத் தபால்காரர் கேட்டு வாங்கினார். "கடுதாசி பிரிக்கிற மேசையில உக்காந்திருக்கறதுல ஒரு லாபம் இருக்கு அக்கா. யார் எங்க போனாங்கன்னு ஊருக்கே தெரியாதது அங்க தெரியும். தெருவுக்குப் போற தபால்காரன் ஒவ்வொருத்தனும் என் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடறான்." தம் அலுவலகத்துப் பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சக ஊழியர்களை விசாரித்து, கடிதங்களை அந்தந்த இடத்துக்குத் திருப்பிவிட்டார். மூன்று வாரத்தில் பதினான்கு பேரின் குழாய்கள் வந்து சேர்ந்தன. அவர்களில் ஒருவர் எல்லை தாண்டி வேறு நாட்டிலிருந்து குழாயை மட்டும் பார்சலில் அனுப்பினார், இன்னொரு குழாய் அதே பார்சலில் போனது.

தபால்காரருக்கு முழுத் தெருவும் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் யோசித்துவிட்டு, மேடில்லாத பக்கமாகப் பாதிச் சுற்று கொடுத்தார்கள். "பாதி நாள் மேசை, பாதி நாள் தெரு. ஒரு கால் அங்க, ஒரு கால் இங்க" என்று சொல்லிவிட்டு, தம் சொல்லைத் தாமே ரசித்துச் சிரித்தார். ஆனால் பழைய மேட்டுத் தெருவில் யார் இப்போது போகிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கால்காரம்மாவை அக்கா என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறார். முன்பு போல அரட்டைக்கென்று பட்டறைக்கு வருவதில்லை. வேலை இருந்தால் வருவார், முடிந்ததும் போய்விடுவார்.

எண் அடிக்கும் அச்சுப் பெட்டியை லேத்துக்காரர் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். இப்போது எண்ணைத் துணிப்பட்டையில் எழுதி, கிண்ணம் வார்க்கும்போதே பிசினுக்குள் வைத்து ஊற்றிவிடுகிறார்கள். அழியாது, எதையும் கீறாது. புதுக் குழாயைப் பிடிக்கும்போது அவர் விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறார். லேசான கீறல் பட்டாலும் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறார். வேலை கொஞ்சம் மெதுவாகிவிட்டது.

இருபத்திரண்டாம் எண் மட்டும் வரவில்லை. பந்தல் கட்டுகிறவர், இடது கால், ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவர். இரண்டு கடிதம் திரும்பி வந்தது. மூன்றாவது திரும்பவும் இல்லை, பதிலும் இல்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே கால்காரம்மா எதுவும் எழுதவில்லை. சில நாள், வேலை நடுவில், யாரோ ஒருவர் ஏணியில் ஏறுவது நினைவுக்கு வந்து கை நின்றுவிடும்.

ஒரு நாள் பெருக்கும்போது லேத்துக்கு அடியில் சாக்குத் துணி சுற்றிய ஒன்று தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். இருபத்தொன்பது சென்டிமீட்டருக்கு அறுத்து, இரண்டு முனையும் கடைந்து, மேலெல்லாம் தேய்த்து மெருகேற்றிய குழாய். இருபத்திரண்டாம் எண்ணின் அளவு அது. எப்போது செய்து வைத்தார் என்று அவள் கேட்கவில்லை. தூசி தட்டி, முன்பு இருந்தபடியே சுற்றி, அங்கேயே வைத்தாள்.